தாமிரலிப்தித் துறையில் விடைகொடுத்த தந்தை

ஒரு நாட்டிற்கு ஒரு சமயம் வந்த வரலாற்றைக் கூறுவோர், வந்தவரை வரவேற்ற சிறப்பினையே விரித்துரைப்பது வழக்கம். ஈழநாட்டிற்குப் பௌத்த சமயம் வந்த கதையும் அவ்வாறே சொல்லப்பட்டு வந்துள்ளது. ஆனிப் பூரணையன்று மிகிந்தலைக் குன்றிலே மகிந்ததேரர் தோன்றியதும், வேட்டைக்குச் சென்ற தேவநம்பிய தீசன் அவரைக் கண்டு வியந்து நின்றதும், சில திங்கள் கழித்து அவர் தங்கை சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வடகரையில் வந்திறங்கியதும் பள்ளிச் சிறாரும் அறிந்த செய்திகள். ஆயின், வந்தவர் யாவரும் ஓரிடத்தினின்று புறப்பட்டவரே. அவர் புறப்பட்ட இடங்களிலே ஒரு தாயும் ஒரு தந்தையும் நின்றனர். அறப்பணிக்கென்று பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிய அவ்விருவரின் நிலை யாது? அதனைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. பழைய பாளி நூல்களோ அதனைக் கூறாது விடவில்லை.

அந்நூல்களைப் படிக்குமிடத்து ஒன்றனை மனத்திற் கொள்ளல் வேண்டும். அசோகப் பேரரசனும் அவன் மக்களும் வாழ்ந்தது கி.மு. 3ஆம் நூற்றாண்டு. தீபவமிசம் கி.பி. 4ஆம் நூற்றாண்டளவிலும், மகாநாமதேரர் இயற்றிய மகாவமிசம் அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு அளவு கழித்தும் எழுந்தவை. இடையே ஆறு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கிடக்கின்றது. ஆகவே, பிக்குகள் வானத்தில் எழுந்து பறந்தமை போன்ற அற்புதங்கள் அவற்றில் இடம்பெற்றமை வியப்பன்று. அசோகனுடைய கல்வெட்டுக்களோ மகிந்தன், சங்கமித்தை என்னும் பெயர்களைக் குறிப்பிடவேயில்லை. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், மகேந்திரர் அசோகனின் மகன் அல்லர், தம்பியே என்று கேட்டறிந்து எழுதினார்.

எனினும், இக்கதை முழுவதும் கற்பனை என்று தள்ளிவிடவும் இயலாது. அசோகன் காலத்திற் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்ட பௌத்த ஆசிரியர்களின் பெயர்களை மகாவமிசம் வரிசையாகத் தருகின்றது. 1851ஆம் ஆண்டில் கன்னிங்காம் என்பார் சாஞ்சியையும் அதன் சூழலையும் அகழ்ந்தபோது, தூபிகளின் உள்ளே சிறு பேழைகள் கிடைத்தன. இமயநாட்டிற்குச் சென்றவராக ஈழத்து நூல் கூறும் மச்சிமரின் பெயரும், அவரோடு சென்ற கசபகோதரின் பெயரும் அப்பேழைகளிற் பொறிக்கப்பட்டிருந்தன. ஏடுகள் பல நூற்றாண்டு காத்து வைத்த பெயர்களை மண்ணும் காத்து வைத்திருந்தது. ஆகவே, தூதுகள் சென்றன என்பது உண்மை. அத்தூதுகளின் நினைவு ஈழத்துப் பௌத்த பள்ளிகளிலே தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டது என்பதும் உண்மை. அந்நினைவு எத்தகைய பிரிவைச் சொல்லுகின்றது என்பதே இங்கு நோக்கற்பாலது.

அசோகன் அரசனாவதற்கு முன், தன் தந்தை பிந்துசாரனின் ஆணைப்படி அவந்திநாட்டை ஆளச் சென்றான். உச்சயினி அந்நாட்டின் தலைநகர். போகும் வழியில் வேதிசை என்னும் நகரிலே தங்கினான். இன்று மத்தியப் பிரதேசத்தில் விதிஷா என வழங்கும் ஊர் அதுவே. அங்கே ஒரு வணிகனின் மகளைக் கண்டு மணந்தான். தேவி என்று நூல் அவளைக் குறிக்கின்றது. அவளுக்கு உச்சயினியிலே மகிந்தன் பிறந்தான். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சங்கமித்தை பிறந்தாள். பின்னர் அசோகன் பாடலிபுத்திரத்தில் அரியணை ஏறியபோது பிள்ளைகள் இருவரும் தந்தையின் நகருக்குச் சென்றனர். தேவியோ வேதிசையிலேயே தங்கிவிட்டாள். பேரரசனின் பட்டத்தரசியாக அவள் வாழவில்லை. இக்குடும்பத்தின் முதற்பிரிவு அங்கேயே நிகழ்ந்துவிட்டது.

பாடலிபுத்திரத்தில் நிகழ்ந்தது இரண்டாவது பிரிவு. அசோகன் பௌத்த சமயத்தைத் தழுவிய பின் 84,000 விகாரைகளை எழுப்பினான் என்பது மகாவமிசத்தின் கூற்று. அவை கட்டி முடிந்த நாளிலே பெருவிழா நிகழ்ந்தது. மன்னன் சங்கத்தின் முன் நின்று, புத்தரின் சாசனத்திற்கு வழங்கப்பெற்ற கொடைகளுள் எவருடைய கொடை பெரிது என்று வினவினான். அவனுக்கு நிகரான கொடையாளன் புத்தர் வாழ்ந்த காலத்தும் இருந்ததில்லை என்று விடை வந்தது. மகிழ்ந்த மன்னன் மேலும் ஒன்று கேட்டான்: இத்துணை வழங்கிய தன்னைச் சாசனத்தின் உறவினன் என்று கொள்ளலாகுமா என்பதே அவ்வினா. அதற்குச் சங்கத் தலைவராகிய மொக்கலிபுத்த தீசர் உடன்படவில்லை. பொருளை மலைபோற் குவித்தாலும் அவன் கொடையாளனே ஆவான். தன் மகனையோ மகளையோ துறவிற்கு அளித்தவனே சாசனத்தின் உறவினன் ஆவான் என்று அவர் விளக்கினார்.

இவ்விடை மன்னனை எத்துணைக் கலக்கியிருத்தல் வேண்டும்! மகிந்தனை இளவரசனாக முடிசூட்ட அசோகன் எண்ணியிருந்தான் என்று நூலே கூறுகின்றது. தம்பி தீசன் முன்னரே துறவு பூண்டுவிட்டமையால், அரசுரிமைக்கு அவன் நம்பியிருந்தது இம்மகனையே. ஆயினும், பக்கத்தில் நின்ற பிள்ளைகளை நோக்கி அவன் துறவுக்கு விருப்பமா என்று கேட்டான். இவ்விடத்தை ஊன்றி நோக்குதல் தகும். அரசன் ஆணையிடவில்லை, கேட்டான். பிள்ளைகளும் தந்தையின் பொருட்டு மட்டும் இசைந்தாரல்லர். தந்தை விரும்பின் அன்றே துறப்பதாகவும், அதனால் தமக்கும் தந்தைக்கும் நன்மை விளையும் என்றும் அவர்கள் கூறினர். மகிந்தனுக்கு அப்போது 20 வயது, சங்கமித்தைக்கு 18. சங்கமித்தை மணமாகிச் சுமணன் என்னும் ஆண்மகவைப் பெற்றிருந்தாள். அவள் கணவனாகிய அக்கிபிரமனும் முன்னரே துறவியாகியிருந்தான்.

இது நிகழ்ந்தது அசோகனது ஆட்சியின் 6ஆம் ஆண்டு என்று மகாவமிசம் கணக்கிடுகின்றது. கல்வெட்டுச் சான்றோடு இக்கணக்கைப் பொருத்துவது அரிது. ஏனெனில், அசோகனின் மனம் திரும்பக் காரணமான கலிங்கப்போர் அவன் முடிசூடி 8 ஆண்டுகள் கழித்தே நடந்தது என்று அவனுடைய 13ஆம் பாறைக் கல்வெட்டுத் தெளிவாகக் கூறுகின்றது. மகாவமிசம் கலிங்கப்போரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆண்டுக்கணக்கில் முன்பின் இருப்பினும், அக்கல்வெட்டை இக்கதையோடு சேர்த்துப் படிப்போருக்கு அசோகனின் உள்ளம் ஓரளவு புலப்படும்.

அக்கல்வெட்டிலே வென்ற மன்னனே தன் வெற்றியின் விலையைக் கணக்கிட்டு எழுதியுள்ளான். நாட்டைவிட்டுப் பெயர்க்கப்பட்டோர் 1,50,000 பேர். கொல்லப்பட்டோர் 1,00,000 பேர். வேறு வகையில் மாண்டோர் அதனினும் பன்மடங்கினர். எண்ணிக்கையோடு அவன் நிறுத்தவில்லை. போரில் தாம் தப்பியிருந்தும், தம் அன்பிற்குரியவர் இறந்தமையாலும் பெயர்க்கப்பட்டமையாலும் துயருறும் மக்களைப் பற்றியும் அவன் எடுத்துரைக்கின்றான். உலக அரசர்களின் வெற்றிச் சாசனங்களிலே இத்தகைய சொற்களைக் காண்டல் அரிது. உற்றாரைப் பிரிந்தார் படும் துயர் எத்தகையது என்பதை அம்மன்னன் கலிங்கத்து மக்களிடம் கண்டு கற்றான். அதனைத் தன் இல்லத்திலேயே அறியும் காலமும் பின்னர் வந்தது. அவன் மக்களை வாள் பிரிக்கவில்லை. அவன் போற்றிய அறமே பிரித்தது. ஆயினும், துயர் என்னவோ துயர்தான்.

பாடலிபுத்திரத்திலே மூன்றாம் பௌத்த மாநாடு கூடி முடிந்தபின், மொக்கலிபுத்த தீசர் ஒன்பது திசைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பினார். காசுமீரமும் காந்தாரமும், இமயநாடும், யவனநாடும், மகாராட்டிரமும், சுவர்ணபூமியும் அவ்வரிசையில் அடங்கும். ஈழத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மகிந்ததேரர். இட்டியர், உத்தியர், சம்பலர், பத்தசாலர் என்னும் நான்கு தேரர்கள் அவருக்குத் துணையாயினர். அவர் துறவு பூண்டு அப்போது 12 ஆண்டுகள் நிறைந்திருந்தன. ஈழத்திலே மூத்தசிவன் என்னும் முதிய மன்னன் ஆண்டமையால், அவன் மகன் பட்டத்திற்கு வரும் வரை பொறுத்திருக்க மகிந்தர் எண்ணினார். அந்த இடைவேளையில் உற்றாரைக் காண விரும்பித் தென்மலை நாட்டின் வழியே நடந்தார். ஆறு திங்கள் கழிந்தன. இறுதியில் அவர் வந்து சேர்ந்தது வேதிசை நகர். அங்கே அவருடைய தாய் இருந்தாள்.

மகனைக் கண்ட தேவி செய்தது யாது? நூல் அதனை மிகச் சுருக்கமாகக் கூறுகின்றது. அன்பு மகனைக் கண்டதும் அவனுக்கும் உடன்வந்தோருக்கும் தானே உணவு சமைத்துப் படைத்தாள். பின்னர், தான் எழுப்பிய அழகிய விகாரைக்கு அவர்களை அழைத்துச் சென்றாள். அவ்வளவே. அவள் அழுதாள் என்றோ, தடுத்தாள் என்றோ, வாழ்த்தினாள் என்றோ ஒரு சொல்லும் இல்லை. அவள் வாயிலிருந்து பிரியாவிடைச் சொல் எதனையும் நூலாசிரியர் கேட்பிக்கவில்லை. உணவு மட்டும் இருக்கின்றது. ஆனால், தாய்மாரை அறிந்தவர்களுக்கு அது போதும். இளமையிலேயே தந்தையின் நகருக்குச் சென்ற மகன் இப்போது மொட்டைத் தலையும் காவி உடையும் தாங்கி, கையிற் பாத்திரத்தோடு வந்து நிற்கின்றான். அவனை மகனென்று தழுவுதல் ஆகாது. துறவி என்று வணங்கலாம், உணவு படைக்கலாம். தாயன்பும் பத்தியும் ஒருங்கே செல்வதற்கு அந்த ஒரு வழியே அவளுக்கு எஞ்சியிருந்தது.

மகிந்தர் அங்கே ஒரு திங்கள் தங்கினார். அந்த ஒரு திங்களிலே அவ்வீட்டிலிருந்து இன்னொருவரும் பிரிவதற்கு ஆயத்தமானார். தேவியின் தங்கையுடைய பேரனாகிய பண்டுகன் என்னும் இளைஞன் தேரரின் போதனையைக் கேட்டு, இல்லறத்தானாகவே இருந்தும் அவரோடு செல்ல முடிவு செய்தான். சங்கமித்தையின் மகன் சுமணனும் சாமணேரராக அக்குழுவில் இருந்தான். எனவே, ஈழத்திற்குப் புறப்பட்ட எழுவருள் மூவர் தேவியின் குருதியுறவினர்: ஒருவர் மகன், ஒருவன் பேரன், ஒருவன் தங்கையின் பேரன். ஆனிப் பூரணையன்று எழுவரும் வேதிசைக் குன்றினின்று வானில் எழுந்து ஈழத்து மிகிந்தலையில் இறங்கினர் என்று மகாவமிசம் கூறும். இன்றைய காலக்கணக்கின்படி அஃது ஏறத்தாழக் கி.மு. 247ஆம் ஆண்டு. அவர்கள் வானில் வந்தனரோ, கடல்வழி வந்தனரோ, தாயின் கண்ணிலிருந்து மறைந்தனர் என்பதில் ஐயமில்லை. அதன்பின் தேவியைப் பற்றி வரலாறு பேசுவதில்லை.

ஈழத்திலே தேரரின் போதனை விரைந்து பரவியது. அரச குடும்பத்துப் பெண்ணாகிய அனுலாதேவியும் அவளோடு 500 மகளிரும் துறவு வேண்டினர். பிக்குகள் பெண்களுக்குத் துறவளித்தல் சங்க ஒழுங்கிற்கு ஏலாது. அதற்குப் பிக்குணி ஒருவர் வேண்டும். பாடலிபுத்திரத்திலே தம் தங்கையாகிய சங்கமித்தை தேரி இருக்கின்றார், அவரை அழைப்பிக்கலாம் என்று மகிந்தர் கூறினார். அவரோடு புத்தர் ஞானம் பெற்ற வெள்ளரசின் தென்கிளையும் வரல் வேண்டும் என்பது அவர் கருத்து. தேவநம்பிய தீசன் தன் மருமகனும் அமைச்சனுமாகிய அரிட்டனை இப்பணிக்கு அனுப்பினான். அரிட்டன் சம்புகோளப்பட்டினத்திற் கப்பலேறிச் சென்று, பாடலிபுத்திரத்தில் அசோகனைக் கண்டு, இரு செய்திகளையும் உரைத்தான்.

தூது கேட்ட பேரரசனின் மறுமொழியை நூல் மறைக்கவில்லை. பாளி வழக்கிலே தந்தையர் மகளை அம்மா என்று விளிப்பது உண்டு; தமிழ் வீடுகளிலும் அவ்வழக்கு இன்றும் நிலவுகின்றது. அசோகன் தன் மகளை நோக்கி, மகனும் பேரனும் பிரிந்தமையால் உண்டான துயரை அவளையும் காணாவிடின் எவ்வாறு ஆற்றிக்கொள்வேன் என்று கேட்டான். இமயம் முதற் கன்னட நாடு வரை ஆணை செலுத்தியவன். 84,000 விகாரை கட்டினான் என்று புகழப்பெற்றவன். தானே விரும்பிப் பிள்ளைகளைத் துறவிற்கு அளித்தவன். அவனே இப்போது மகள் முன் நின்று, போகாதே என்று கெஞ்சுவது போலப் பேசுகின்றான்.

சங்கமித்தை தேரி தந்தையைக் கடியவில்லை. துயரின் நிலையாமை பற்றி நீண்ட உபதேசமும் செய்யவில்லை. இரண்டே காரணங்களைக் கூறினார். தமையனின் சொல் தம்மாற் கடத்தற்கரியது. துறவு பெறக் காத்திருக்கும் பெண்களோ பலர். ஆதலாற் போதல் வேண்டும் என்றார். இருபுறமும் அன்பே நின்றது. ஒருபுறம் தந்தை ஒருவனின் தனிமை. மறுபுறம் முகமறியாப் பெண்கள் பலரின் காத்திருப்பு. அவர் முன்னதைச் சிறிதென்று எண்ணினார் என்பதற்கு நூலில் ஆதாரமில்லை. பின்னதைத் தம் கடமை என்று கொண்டார் என்பது மட்டும் தெளிவு. தந்தையும் அதன்மேல் தடை சொல்லவில்லை.

இத்தகைய இக்கட்டு வடநாட்டிற்கு மட்டும் உரியதன்று. கோவலன் இறந்தமை கேட்ட மாதவி தன் மகள் மணிமேகலையைப் பௌத்தத் துறவில் நிறுத்தியதையும், பாட்டியாகிய சித்திராபதி அது பொறாது வருந்திச் சினந்து எதிர்த்ததையும் தமிழ்க் காப்பியம் காட்டுகின்றது. ஒரே வீட்டில் ஒருவர் விடைகொடுக்கின்றார். ஒருவர் விடைகொடுக்க மறுக்கின்றார். அசோகனிடத்தோ அவ்விரண்டும் ஓருள்ளத்திலேயே நிகழ்ந்தன.

பயணத்திற்கான ஏற்பாடுகள் தொடங்கின. வெள்ளரசில் ஆயுதம் படலாகாது என்று மன்னன் தயங்கியதும், கிளை தானே பிரிந்து பொற்சாடியில் அமர்ந்ததும் நூலில் விரிவாகப் பேசப்படுகின்றன. வெள்ளரசோடு சங்கமித்தை தேரியையும் பிக்குணியர் பதினொருவரையும் அரிட்டனையும் கங்கையிலே கப்பலேற்றினான் அசோகன். மகள் ஆற்றுவழியே செல்ல, தான் படையோடு தரைவழியே புறப்பட்டான். விந்தக் காட்டைக் கடந்து ஏழு நாளிலே தாமிரலிப்தித் துறையை அடைந்தான். மேற்கு வங்கத்தில் இன்று தம்லுக் என வழங்கும் ஊரே அப்பழந்துறை. விடைகொடுக்கும் எண்ணம் மட்டும் இருந்திருப்பின் பாடலிபுத்திரத்துப் படித்துறையிலேயே அதனை முடித்திருக்கலாம். நிலம் முடிந்து கடல் தொடங்கும் எல்லை வரை அவன் வந்தான். வழியனுப்பச் செல்வோர், வண்டி மறையும் வரை ஓரடி, பின்னும் ஓரடி என்று உடன் நடப்பதில்லையா? பேரரசனின் பயணமும் அத்தகையதே.

மார்கசிர மாதத்து வளர்பிறை முதல்நாள் வந்தது. மன்னன் வெள்ளரசுச் சாடியைத் தன் கைகளில் ஏந்திக் கழுத்தளவு நீரில் இறங்கினான். அதனைக் கப்பலில் வைத்தான். தேரியையும் உடன்செல்வோரையும் ஏற்றுவித்தான். பின்னர் அரிட்டனை அழைத்து, தன் அரசாட்சியையே வெள்ளரசிற்கு மும்முறை காணிக்கையாக்கித் தான் வழிபட்டதாகவும், தன் நண்பனாகிய ஈழவேந்தனும் அவ்வாறே வழிபடல் வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினான். பாய் விரிந்தது, கப்பல் அகன்றது. கரையிலே கைகூப்பி நின்ற அசோகனின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. கப்பல் சென்றபின் அவன் புலம்பியவாறே தன் தலைநகருக்குத் திரும்பினான்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லல் வேண்டும். அக்கண்ணீர் வெள்ளரசின் பிரிவால் வந்தது என்றே மகாவமிசம் கூறுகின்றது. மகளின் பிரிவால் என்று கூறவில்லை. துறவியர் எழுதிய நூல் அது. பற்று நீங்குதலே பெருநெறி என்று போதிப்போர், பேரரசன் தன் மகளை நினைந்து கடற்கரையில் அழுதான் என்று எழுதத் தயங்கியிருக்கலாம். ஆயினும், அதே நூல் சில பாடல்களின் முன்னே, மகளைக் காணாது தன் துயரை எவ்வாறு ஆற்றுவேன் என்று அவன் கேட்டதையும் பதிந்து வைத்துள்ளது. அவ்வினாவைப் படித்துவிட்டு இக்கண்ணீரைக் காண்போர், மரத்திற்கும் மகளுக்கும் தனித்தனியே பங்கு பிரித்துப் பார்ப்பாரல்லர். இரண்டும் ஒரே கப்பலிலேதான் சென்றன.

கப்பல் வந்தடைந்தது சம்புகோளப்பட்டினம். யாழ்ப்பாணத்து வடகரையில், மாதகலை அடுத்துள்ள சம்பில்துறையே அத்துறை என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அங்கே தேவநம்பிய தீசன் கடற்கரையில் மண்டபம் அமைத்துக் காத்திருந்தான். வெள்ளரசு வருவதைக் கண்டதும் அவனும் கழுத்தளவு நீரில் இறங்கி, உயர்குடியினர் பதினறுவரோடு அதனைத் தாங்கிக் கரையேற்றினான். தாமிரலிப்தியிலே கழுத்தளவு நீரில் நின்று ஒருவன் கொடுத்தான். சம்புகோளத்திலே கழுத்தளவு நீரில் நின்று ஒருவன் ஏற்றான். கொடுத்தவன் அழுதான், ஏற்றவன் மகிழ்ந்தான். இரு கரைகளையும் ஒரே சொற்களாற் காட்டிய நூலாசிரியர், இரண்டையும் சேர்த்தே பார்க்குமாறு செய்துவிட்டார். வெள்ளரசு அநுராதபுரத்தில் நாட்டப்பட்டபின் அதிலிருந்து முளைத்த முதற்கன்றுகளுள் ஒன்று சம்புகோளத்திலும், ஒன்று கதிர்காமத்திலும் நடப்பட்டன என்றும் அந்நூல் கூறுகின்றது.

தந்தையும் மக்களும் மீண்டும் சந்தித்ததாக எந்நூலும் சொல்லவில்லை. அசோகன் 37 ஆண்டுகள் ஆண்டு மறைந்தான் என்பது மகாவமிசத்தின் கணக்கு. மகிந்தர் ஈழம் சேர்ந்து ஏறத்தாழ 19 ஆண்டுகள் கழித்து அவன் இறந்திருத்தல் வேண்டும். அவனுடைய இறுதிக்காலம் இனியதாக அமையவில்லை. முதுமையில் அவன் மணந்த திச்சரக்கை, மன்னனின் அன்பு முழுவதும் வெள்ளரசின்பாற் செல்வதைப் பொறாது, நச்சு முள்ளால் அம்மரத்தைப் பட்டுப்போகச் செய்தாள் என்று நூல் கூறுகின்றது. தன்னிடம் நின்ற மரம் பட்டது. தான் அழுதுகொண்டே அனுப்பிய கிளை கடலுக்கு அப்பால் தழைத்தது.

மகிந்ததேரர் தம் 60ஆவது துறவாண்டில், தீசனுக்குப் பின் அவன் தம்பி உத்தியன் ஆண்ட 8ஆம் ஆண்டிலே, மிகிந்தலையில் மறைந்தார். அடுத்த ஆண்டில், 59 ஆண்டுகள் துறவறம் காத்த சங்கமித்தை தேரியும் அநுராதபுரத்தில் மறைந்தார். தம் உடலை எரிக்கவேண்டிய இடத்தை அவரே முன்னர்க் காட்டியிருந்தார். தூபாராமத்திற்குக் கிழக்கே, வெள்ளரசு கண்ணிற் படும் இடம் அது. பிறந்த நாட்டிலிருந்து தம்மோடு கடல்கடந்து வந்த மரத்தின் எதிரே கிடக்க அவர் விரும்பினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஈழத்தில் வாழ்ந்த அவர், தந்தையின் நாட்டை நினைந்தாரா என்பதற்கு இதனினும் நுண்ணிய விடையை நூல் தரவில்லை.

அவர் நிறுவிய பிக்குணி சங்கம் பல நூற்றாண்டு வாழ்ந்தது. கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே ஈழத்துப் பிக்குணியர் சிலர் கப்பலேறிச் சீனநாடு சென்று, அந்நாட்டுப் பெண்களுக்கு முறைப்படி துறவளித்தனர். அவர்களை அனுப்பிய தாய் தந்தையரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும், ஈழத்துக் கரையிலும் எவரோ நின்று, பாய் மறையும் வரை பார்த்திருத்தல் வேண்டும்.

இக்கதையின் கடைசிப் பகுதி 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. இந்தியாவில் அசோகன் பெரிதும் மறக்கப்பட்டிருந்தான். அவனுடைய பாறைகளும் தூண்களும் நின்றன. அவற்றைப் படிக்க வல்லார் இல்லை. 1837ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் பிரின்செப் அவ்வெழுத்துக்களைப் படித்தறிந்தார். தேவர்க்கு அன்பனாகிய பியதசி என்னும் மன்னன் ஒருவன் அவற்றிற் பேசினான். ஆனால், அவன் யார்? அப்பெயருடைய பேரரசன் எவனையும் இந்திய அரச வரிசைகளிற் காணாத பிரின்செப், அவன் ஈழத்துத் தேவநம்பிய தீசனாகலாம் என்றுகூட முதலில் எண்ணினார். அப்போது ஈழத்தில் அரசாங்க உத்தியோகத்தராயிருந்து மகாவமிசத்தை மொழிபெயர்த்த ஜோர்ஜ் டேணர், தீபவமிசத்தின் துணைகொண்டு உண்மையை வெளியிட்டார். பியதசி என்பது அசோகனின் மறுபெயரே. 1915ஆம் ஆண்டில் மஸ்கியிலே அசோகன் என்னும் பெயரையே தாங்கிய கல்வெட்டுக் கிடைத்து, அம்முடிவை ஐயமற நிறுவியது.

தன் மகனையும் மகளையும் பேரனையும் ஈழத்திற்குக் கொடுத்தான் அசோகன். அவர்கள் அவனிடம் திரும்பவில்லை. ஆனால், அவர்கள் வாழ்ந்து மறைந்த நாட்டிலே அவர்களுடைய மாணவர் பரம்பரை அவன் பெயரை மறவாது ஓதி, ஏட்டில் எழுதி, இரண்டாயிரம் ஆண்டுகள் காத்தது. அவன் நாடு அவனை மறந்தபோது, அவன் பிள்ளைகளை ஏற்ற நாடு அவன் பெயரை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தது. கழுத்தளவு நீரில் நின்ற அந்நாளில் அசோகன் இதனை அறிந்திருக்க வழியில்லை. அவன் அறிந்தது பிரிவு ஒன்றே. அறிந்தும் அவன் மகளைத் தடுத்து நிறுத்தவில்லை, அழுததை மறைக்கவுமில்லை. போரிலே பெற்ற வெற்றிகளைக் காட்டிலும் அக்கடற்கரையில் அவன் நின்ற நிலையே அவனைப் பேரரசனாகக் காட்டுகின்றது.